ஒரு படி வெள்ளைக்கல் பொடி

தைராய்டு அறுவை முடிந்து வந்த நோயாளிக்கு விரல் மதமதத்தால் என்ன செய்வது என்று உங்களில் ஒருத்தி என்னைக் கேட்டாள். அது உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. ரத்தத்தை எடுத்து அனுப்பினால் கால்சியம் எவ்வளவு என்று எண் வந்துவிடுகிறது. எண்ணைப் பார்த்து ஊசி போடுகிறீர்கள். அதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. எண் என்று ஒன்று கிடைக்காத காலத்தில் நாங்கள் எப்படித் திண்டாடினோம் என்பதை வேண்டுமானால் சொல்கிறேன். கேட்டு முடித்துவிட்டு, "அப்படியானால் யார் மேல் தப்பு?" என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். இத்தனை வருஷமாக நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். பஸ்கள் கரி போட்டு ஓடின. மருந்து கப்பலில் வர வேண்டும், கப்பல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் நான் நர்ஸ். எங்கள் பெரிய டாக்டர் மதராஸ்காரர், அறுவையில் கெட்டிக்காரர். வாய் மட்டும் சும்மா இருக்காது. அழுகிற நோயாளியைச் சிரிக்கவைத்துவிட்டுத்தான் அடுத்த கட்டிலுக்கு நகருவார். அவர் ரவுண்டு வந்தால் வார்டு களைகட்டும். எனக்கு அவரைப் பிடிக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் ஒருபக்கமாகப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பேசத்தான் போகிறேன்.

ஆட்டையாம்பட்டியிலிருந்து அங்கம்மாள் என்ற நெசவுக்காரப் பெண் வந்தாள். கழுத்தில் மாங்காய் அளவுக்குக் கழலை. படுத்தால் மூச்சு முட்டும், களியை விழுங்கினால் பாதியில் நிற்கும். கூட அவள் புருஷன் ஆறுமுகமும் மாமியாரும். அறுவை நன்றாக முடிந்தது. கட்டியை எடுத்துவிட்டு டாக்டர் திருப்தியாகக் கை கழுவினார். மறுநாள் அங்கம்மாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். நல்ல நாளாகத்தான் இருந்தது.

அதற்கடுத்த நாள் மத்தியானம். நான் அடுத்த கட்டிலில் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். அங்கம்மாளின் மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"ஏனுங்க நர்ஸம்மா, இங்க வந்து பாருங்கோ. என்ற மருமவ கனவுல பாவு புணைக்கறா!"

தறியில் நீளவாட்டில் கட்டுகிற நூல்வரிசைதான் பாவு. ஒரு பாவு நெய்து முடிந்ததும், அதன் நூல் நுனி ஒவ்வொன்றோடும் புதுப் பாவின் நுனியைச் சேர்த்து முறுக்கி ஒட்டுவார்கள். அதற்குத்தான் பாவு புணைப்பது என்று பெயர். சாம்பலைத் தொட்டுக்கொண்டு, விரல்களை நீட்டி ஒன்றாகக் கூட்டி, கட்டைவிரலை உள்ளே கொடுத்து முறுக்க வேண்டும். நெசவுத் தெருப் பெண்களுக்குச் சின்ன வயதிலிருந்தே கைப்பழக்கம். அங்கம்மாளின் இரண்டு கைகளும் அச்சாக அப்படித்தான் இருந்தன. மணிக்கட்டு மடங்கி, விரல்கள் நீண்டு குவிந்து, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் ஒடுங்கியிருந்தது. அந்த வார்டில் பாதிப் பேர் நெசவுக் குடும்பம். எல்லோருக்கும் பார்த்ததும் புரிந்துவிட்டது, எல்லோரும் சிரித்தார்கள்.

"சாம்பல் கொண்டாரட்டுமா அங்கா?" என்று எதிர்க்கட்டில் பெண் கேட்டாள்.

எனக்குப் பாவும் தெரியாது, ஊடும் தெரியாது. நான் தம்மம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். அதனால் சிரிப்பில் முழுசாகச் சேர முடியாமல் பக்கத்தில் போய் நின்றேன். அங்கம்மாளின் கண் திறந்திருந்தது. கனவு காண்கிறவளுக்குக் கண் ஏன் திறந்திருக்கிறது?

"அங்கம்மா, என்ன பண்ணுது?"

"உதட்டச் சுத்தி எறும்பு ஊர்றாப்பல இருக்குதுங்க. கை..." என்றாள். "கை எம்பேச்சக் கேக்க மாட்டீங்குது."

நான் விரல்களைப் பிரித்துப் பார்த்தேன். பிரிய மறுத்தன. ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தேன். அவர் அவளுடைய காதுக்கு முன்னால், கன்னத்தில் விரலால் லேசாகத் தட்டினார். தட்டிய பக்கத்து உதடு வெட்டி இழுத்தது. அவர் முகத்திலிருந்த சிரிப்பு போனது. கால்சியம் ஊசியைக் கேட்டார். ரத்தக் குழாயில் மெதுவாக ஏற்ற ஏற்ற, அந்தக் கைகள் தாமாகவே அவிழ்ந்தன. மாமியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கனவு கலைந்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

டாக்டர் ஆறுமுகத்தைக் கூப்பிட்டு விளக்கினார். கழலைக்குப் பின்னால் அரிசி அரிசியாக நாலு சின்னச் சுரப்பிகள் உண்டு, உடம்பில் சுண்ணாம்புச் சத்தைக் காவல் காப்பது அவைதான், கட்டியை எடுக்கும்போது சில நேரம் அவையும் அடிபட்டுவிடும். இனி இவளுக்கு அந்தச் சத்தை வெளியிலிருந்துதான் கொடுக்க வேண்டும். பொடி தருகிறோம், மூன்று வேளையும் விடாமல் கொடு.

ஆறுமுகம் கவனமாகக் கேட்டான். முடிவில், "அப்ப வெத்தலைக்குப் போடற சுண்ணாம்பு குடுக்கலாமுங்களா?" என்றான்.

"அதை அப்படியே அள்ளித் தின்னால் வாய் வெந்துபோகும்," என்றார் டாக்டர். பிறகு வழக்கமான குணம் தலைதூக்கிவிட்டது. "உனக்கென்னப்பா கவலை? மலை மலையாச் சுண்ணாம்பை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க. எங்க பொடி தீர்ந்துபோனா அந்த வெள்ளை மலையை இடிச்சுக் குடு!"

எல்லோரும் சிரித்தோம். ஆறுமுகமும் சிரித்தான். சேலத்துக்கு வடக்கே வெளுத்துக் கிடக்கிற அந்தக் கரடுகளை வெள்ளைக்காரர்கள் சாக் ஹில்ஸ் என்றுதான் சொல்வார்கள். டாக்டரும் அந்தப் பெயரைத்தான் படித்திருந்தார். சாக் என்றால் சுண்ணாம்புதானே. எனக்கு அந்தப் பேச்சு அப்போதே மறந்துபோனது.

சில வாரங்கள் கழிந்தன. ஒருநாள் காலை ரவுண்டு முடிகிற நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. ஆறுமுகம் அங்கம்மாளைக் கைகளில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். பின்னால் மாமியார். அங்கம்மாளின் கைகள் அதேபோல் குவிந்திருந்தன, இந்த முறை பாதங்களும் வளைந்து விறைத்திருந்தன. மூச்சை இழுக்கும்போது தொண்டையிலிருந்து சேவல் கூவுவதுபோல ஒரு சத்தம். என்னை வெறித்துப் பார்த்துவிட்டு, "நீ எதுக்குடி எந்தறியத் தொட்டே?" என்று கேட்டாள். மாமியாரைப் பார்த்து, யாரென்று தெரியாமல் மிரண்டாள்.

"காத்துக் கருப்புன்னு தெருவுல சொல்றாங்க," என்றார் மாமியார் அழுதுகொண்டே. "மந்திரிச்சுக் கயிறுங்கூடக் கட்டியாச்சுங்க."

எங்கள் சின்ன டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, மாமியார் கொடுமை தாங்காமல் இப்படி வரும், இது மனக் கோளாறு என்றார். இன்னொருவர் காக்காய்வலிப்பு என்றார். கழுத்துப் புண் வழியாக விஷம் ஏறி வாய்ப்பூட்டு போட்டிருக்குமோ என்று எனக்கே ஒரு சந்தேகம். பெரிய டாக்டர் யார் பேச்சையும் காதில் வாங்காமல் ஆறுமுகத்தைப் பார்த்தார்.

"பொடி குடுத்தியா?"

"ஒரு வேளகூட விடலீங்க. காலைல, மத்தியானம், ராத்திரி. நானே எங்கையால குடுத்தனுங்க."

அவன் பொய் சொல்கிறவனல்ல. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அங்கேதான் எல்லாம் குழம்பிப்போனது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், எங்கள் நிலைமை உங்களுக்கு முழுசாகப் புரிய வேண்டும்.

கைகளைப் பார்த்தால் கால்சியம் குறைவு. ஆனால் மூன்று வேளையும் கால்சியம் தின்கிறவளுக்கு அது எப்படிக் குறையும்? அவள் உடம்பில் ஏற்கெனவே போதுமான அளவு இருந்து, அதற்கு மேல் நாங்கள் ரத்தத்தில் ஏற்றினால் இதயம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஏற்றாமல் விட்டால், தொண்டை இறுகி மூச்சு அடைத்துவிடும். இரண்டில் எது உண்மை என்று சொல்ல எங்களிடம் எந்தப் பரிசோதனையும் இல்லை. கன்னத்தில் தட்டிப் பார்க்கவும் முடியவில்லை, முகம் முழுவதுமே வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. தூங்க வைக்கிற மருந்து கொடுக்கலாம் என்று சின்ன டாக்டர் சொன்னார். அது பத்திரமான வழி போலத்தான் தெரிந்தது. யாரும் நம்மைக் குறை சொல்ல மாட்டார்கள்.

பெரிய டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றி வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "எனக்குத் தெரியலை சிஸ்டர்," என்றார். அத்தனை பேர் முன்னால் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதேயில்லை.

மாமியார் தலையில் அடித்துக்கொண்டு புலம்ப ஆரம்பித்தார். "அந்தப் பொடியில ஒரு சத்தும் இல்லீங்க சாமி. நான் அன்னிக்கே சொன்னேன், இவன் கேக்கல. வெத்தலையில தடவிப் போட்டுப் பாத்தேன். துளி செவக்கல. வாயெல்லாம் மண்ணாட்டம் இருக்குது."

வெற்றிலை சிவப்பதைப் பற்றியா இப்போது பேச்சு என்று எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கள் ஆஸ்பத்திரிப் பொடியை வெற்றிலையில் தடவினாலும்தான் சிவக்காது, அது அந்த மாதிரிச் சுண்ணாம்பே இல்லை. "கொஞ்சம் சும்மா இருங்கம்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. நாங்கள் பொடியை மருந்துக் காகிதத்தில் வேளைக்கு ஒன்றாகச் சின்னச் சின்னதாக மடித்துக் கொடுப்போம். அதைப் பிரித்து யாராவது வெற்றிலைக்குத் தடவிப் பார்ப்பார்களா? மருமகள் மருந்தை எடுத்து வீணாக்குகிற மாமியாராகவும் அவர் தெரியவில்லை. தடவிப் பார்க்கிற அளவுக்கு அந்த வீட்டில் எவ்வளவு பொடி இருக்கிறது?

"இன்னும் எவ்வளவு பொடி இருக்குதும்மா ஊட்டுல?" என்று கேட்டேன்.

"ஒரு படி இருக்குமுங்க."

பெரிய டாக்டர் சட்டென்று திரும்பினார். ஒரு படி கால்சியம் பொடி எங்கள் மருந்துக் கிடங்கிலேயே அப்போது கிடையாது.

"எங்கே வாங்கினே?" என்று அவர் ஆறுமுகத்தைக் கேட்டார்.

"வாங்கலீங்க. இங்க வந்து கேட்டதுக்குப் பொடி வரத்து இல்லைன்னு மருந்து குடுக்கற எடத்துல சொல்லிட்டாங்க. சரி, நீங்க சொன்ன மலை இருக்குதேன்னு போனனுங்க. எங்க மச்சான் ஒருத்தர் அங்க கல்லு ஒடைக்கப் போறாருங்க. அவருகிட்டச் சொல்லி நல்ல வெளுப்பான கல்லாப் பொறுக்கி, ஒரல்ல இடிச்சு, வேட்டியில சலிச்சுத்தானுங்க குடுத்தேன். மண்ணு துளி சேரல."

அவன் குரலில் பெருமைதான் இருந்தது. டாக்டருடைய மருந்தைவிடச் சுத்தமாகச் சலித்திருக்கிறான்.

"சுண்ணாம்புக்கல்தானே, அதுலயும் கால்சியம் இருக்கே?" என்றார் டாக்டர், யாரிடம் என்றில்லாமல்.

"அது சுண்ணாம்புக்கல்லு இல்லீங்களே," என்றார் மாமியார். "வெள்ளக்கல்லுங்க. சூளை போட்டாலும் சுண்ணாம்பாவாது. இந்தப் பக்கத்துல எல்லாத்துக்கும் தெரியுமுங்க."

"தெரிஞ்சுமா குடுத்தே?" என்று நான் ஆறுமுகத்திடம் கத்திவிட்டேன்.

அவன் என்னைப் புரியாமல் பார்த்தான். "ஐயா சொன்னாருங்களே. நமக்குக் கல்லாத் தெரியறது ஐயாவுக்கு மருந்தாத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சனுங்க."

சூளை போட்டாலும் சுண்ணாம்பாகாத கல் என்றதுமே டாக்டருக்குப் பிடிபட்டிருந்தது. அந்த வெள்ளைக்கல்லில் இருப்பது மக்னீசியம், கால்சியம் அல்ல. பேதிக்குக் கொடுக்கிற உப்பின் இனம். "வயிறு எப்படி இருந்தது?" என்று கேட்டார்.

"போய்க்கிட்டேதான் இருந்துச்சுங்க. மருந்து வேலை செய்யுதுன்னு நெனச்சோம்."

அதற்கு மேல் அவர் தாமதிக்கவில்லை. என்னை நாடி பிடிக்கச் சொன்னார். துடிப்பு தடுமாறினால் உடனே சொல்ல வேண்டும், நான் சொன்னதும் அவர் நிறுத்திவிடுவார். ஊசியை ஏற்றத் தொடங்கினார். அவருக்கு அப்போதுகூட உறுதியாகத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். அவன் கொடுத்தது முழுவதும் கல்தானா, ஆஸ்பத்திரிப் பொடியும் கலந்து கொடுத்தானா, அதற்கு முன் எவ்வளவு கொடுத்தான், எதுவும் விசாரிக்க நேரமில்லை. என் விரலுக்கடியில் நாடி குதித்துக் குதித்து ஓடியது. ஒரு முறை தப்பினது போலிருந்தது. சொல்வதா வேண்டாமா என்று நான் தடுமாறுவதற்குள் மறுபடி ஒழுங்காக வந்தது. நான் சொல்லவில்லை. அது சரியா என்று இன்றைக்கும் தெரியாது. தப்பியது நாடியா, என் விரலா என்பதும் தெரியாது.

முதலில் அந்தக் கூவல் நின்றது. பிறகு கட்டைவிரல் மெல்ல வெளியே வந்தது. அங்கம்மாள் மாமியாரைப் பார்த்து, "அத்தே, ஏன் அழுவறீங்க?" என்று கேட்டாள். மாமியார் அவள் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆறுமுகம் டாக்டரைக் கும்பிட்டான். டாக்டர் அந்தக் கும்பிடைப் பார்க்காமல் கை கழுவப் போய்விட்டார்.

அவளைப் பல நாள் வார்டிலேயே வைத்திருந்தோம். பொடிக்கு மதராஸுக்கு எழுதினோம், வருகிற வழியைக் காணோம். டாக்டர் புத்தகங்களைப் புரட்டி, கடைசியில் சாதாரண நீற்றுச் சுண்ணாம்பையே நிறையத் தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்து, மேலே நிற்கிற தெளிநீரை மட்டும் இறுத்து மோரில் கலந்து கொடுக்கச் சொன்னார். அதோடு கேழ்வரகுக் கூழ், முருங்கைக் கீரை, காலை வெயில். ஆறுமுகம் முதல் நாள் கேட்டது கிட்டத்தட்ட இதைத்தான். கேட்ட விதம்தான் தப்பு, அல்லது நாங்கள் பதில் சொன்ன விதம்.

அங்கம்மாள் முழுசாகக் குணமாகவில்லை, குணமாகிற நோயும் அல்ல. சில நாள் உதட்டில் எறும்பு ஊரும், சில நாள் ஊராது. ஏன் என்று எங்களால் சொல்ல முடியவில்லை. ஒரே அளவு தெளிநீர், ஒரே கூழ், இன்றைக்குச் சரியாக இருப்பாள், நாளைக்கு விரல் இழுக்கும். அவளுக்கே அலுத்துப்போனது. "இன்னும் எத்தன நாளைக்குங்க இதையெல்லாம் குடிக்கணும்?" என்று கேட்பாள். இருக்கிற வரைக்கும் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பார்க்கலாம் என்பேன். நீங்களும் அப்படிச் சொல்லத்தான் போகிறீர்கள், அதற்காக உங்களைத் திட்ட மாட்டேன்.

வீட்டுக்கு அனுப்புகிற நாள் வந்தது. ஆறுமுகம் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு டாக்டர் முன்னால் நின்றான்.

"வேற ஏதாச்சும் சொல்றதுங்களா ஐயா?"

டாக்டர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். "எல்லாம் நர்ஸம்மா சொல்லுவாங்க," என்று வராந்தாவுக்குப் போய்விட்டார்.

நான் பின்னாலேயே போனேன். அவருக்குக் கோபமோ என்று நினைத்தேன். அவன் பாவம் சார், நல்லதென்று நினைத்துச் செய்ததுதானே என்றேன்.

"அது எனக்குத் தெரியாதா?" என்றார். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "நான் எதைச் சொன்னாலும் அவன் செஞ்சுடுவான் சிஸ்டர். அதான் பேச்சு வரலை."

நான் உள்ளே வந்தேன். ஆறுமுகத்தை உட்கார வைத்து, சுண்ணாம்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, எத்தனை நேரம் தெளிய வேண்டும், அடியில் தங்குவதை ஏன் தொடக் கூடாது, விரல் இழுத்தால் வீட்டில் என்ன செய்ய வேண்டும், எப்போது வண்டி கட்ட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொன்ன பிறகு, எல்லாவற்றையும் எனக்குத் திருப்பிச் சொல் என்றேன். நோயாளியின் வீட்டாரிடம் நான் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நீங்களும் கேளுங்கள், வெட்கப்படாமல் கேளுங்கள்.

அவன் கைகளைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல முதலிலிருந்து சொன்னான். அளவு சரி. நேரம் சரி. வண்டி கட்டுவதுவரை ஒன்றும் விடவில்லை. பேச்சோடு பேச்சாக, அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் நான் நடுவில் வெறும் ஆறுதலுக்காகச் சொல்லிவைத்த ஒன்றையும் அவன் விடவில்லை.

"இனிமே இவ உசுருக்கு ஒரு பயமும் இல்லீங்க," என்று சொல்லி முடித்துவிட்டு, "சரிதானுங்களா?" என்று என்னைப் பார்த்தான்.